கடலுக்குள் கோயில், பீப்பாயில் இசை

டிரினிடாட் தீவில் ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸ் வண்டியடியில்தான் விடிகிறது. செயின்ட் அகஸ்டினில் இருக்கும் மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊர் கியூரெப். காலை ஏழு மணிக்கு அங்கே போனால், கோயிலுக்குக் கிளம்பியவர்கள், தேவாலயத்துக்குக் கிளம்பியவர்கள், இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரே வண்டியைச் சூழ்ந்து நிற்கிறார்கள். வண்டிக்காரர் மெழுகுத்தாள் ஒன்றை உள்ளங்கையில் விரிக்கிறார். மஞ்சள் தூள் சேர்த்துப் பிசைந்து பொரித்த, மெத்தென்ற 'பாரா' இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி வைக்கிறார். அதன்மேல் குழைய வெந்த கொண்டைக்கடலைக் கறி ஒரு கரண்டி. பிறகு புளிச்சாறு, வெள்ளரித் துருவல், மாங்காயில் செய்த குச்சேலா, கடைசியாக மிளகாய். மிளகாய் எவ்வளவு என்பதுதான் அவர் கேட்கும் ஒரே கேள்வி. தாளின் முனைகளை முறுக்கி நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார். நின்றபடியே சாப்பிட வேண்டும். யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்ற கணக்கு அவர் மனதிலேயே இருக்கிறது, காசு கடைசியில்தான்.

1936-இல் பிரின்சஸ் டவுன் என்ற ஊரில் இமாமுல் தீன், அவர் மனைவி ரசூலன் ஆகியோர் தொடங்கிவைத்த பலகாரம் இது என்று சொல்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழிவந்தவர்கள் விற்ற பண்டம், இன்று இனம் மதம் பாராமல் தீவு முழுவதற்கும் காலை உணவு.

நான் இங்கே வந்தது கோகோ படிக்க. இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கும் கோகோ மரபணுச் சேகரிப்பு உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 'டிரினிடாரியோ' என்று உலகம் அறிந்த கோகோ இனமே இந்தத் தீவில் உருவானதுதான். 1727-இல் இங்கிருந்த பழைய கிரியோயோ இனக் கோகோ மரங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. பிறகு கொண்டுவந்த ஃபாரஸ்டெரோ மரங்கள், எஞ்சியவற்றோடு கலந்து புதிய இனம் ஒன்றைத் தந்தன. வேளாண்மை மாணவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால் வகுப்பும் ஆய்வுக்கூடமும் மட்டும் ஒரு ஊரைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் மத்திய டிரினிடாடின் கராப்பிச்சைமாவைச் சேர்ந்தவன், இந்திய வம்சாவளி, என் வகுப்பில் படிக்கிறான், கார் அவனுடையது. இன்னொருத்தி தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் மேலே குன்றில் இருக்கும் லாவெண்டில்காரி, ஆப்பிரிக்க வம்சாவளி, வேதியியல் படிக்கிறாள். மூன்றாமவள் செயின்ட் லூசியா தீவிலிருந்து வந்தவள். எனக்குப் போலவே அவளுக்கும் இந்த ஊர் புதிது.

"கடற்கரை எங்கேயும் போகாது. இன்றைக்கு ஊரைப் பார்ப்போம்" என்றாள் லாவெண்டில்காரி. கிளம்பினோம்.

ஜனவரி மாதம். மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்திருந்தது. பின்னால் வடக்கு மலைத்தொடரில் அங்கங்கே ஆரஞ்சு நிறத் திட்டுகள். இம்மார்ட்டெல் மரங்கள் பூத்திருந்தன. நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த மரம். கோகோவுக்கு நிழல் தரவேண்டும் என்று தோட்டக்காரர்கள் நட்டது. தோட்டம் கைவிடப்பட்ட இடங்களிலும் மரம் நிற்கிறது. மலையில் எங்கெங்கே ஒரு காலத்தில் கோகோ விளைந்தது என்பதை ஆண்டுதோறும் அந்தப் பூக்களே காட்டிக்கொடுக்கின்றன.

தெற்கே போகும் நெடுஞ்சாலைக்கு யூரையா பட்லர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1937-இல் எண்ணெய் வயல் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். இருபுறமும் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் கரும்பு. அரசின் சர்க்கரை நிறுவனம் 2003-இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். காரோட்டிய நண்பனின் தாத்தா கரும்பு வெட்டியவர். அப்பா ஆலையில் வேலை பார்த்தவர். இவன் கோகோ படிக்கிறான்.

இந்தச் சமவெளியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமைமுறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. முழு விடுதலை கைக்கு வந்தது 1838 ஆகஸ்ட் 1-இல். விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய எசமானர்களின் கரும்புக்காட்டுக்குத் திரும்ப விரும்பவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1845 மே 30 அன்று 'ஃபாத்தேல் ரசாக்' என்ற கப்பல் 225 இந்தியர்களோடு போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகம் வந்தது. 1917 வரை 1,40,000-க்கும் மேற்பட்டோர் இப்படி வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிகளிலிருந்து கல்கத்தா வழியாக வந்தவர்கள். ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் 35 விழுக்காடு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் 34 விழுக்காடு. மற்றவர்களில் பெரும்பாலோர் கலப்பு வம்சாவளியினர்.

சகுவானஸ் தாண்டி மேற்கே திரும்பியதும் வீட்டு வாசல்களில் மூங்கில் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் வண்ணக் கொடி. வீட்டில் பூசை செய்து முடித்ததும் நட்டு வைப்பது வழக்கம்; சிவப்புக் கொடி அனுமனுக்கு. கராப்பிச்சைமாவில் 85 அடி உயர அனுமன் சிலை பனைமரங்களுக்கு மேலே தெரிகிறது. அதைக் கடந்து சாலை முடியுமிடத்தில் வாட்டர்லூ. அங்கேதான் கடலுக்குள் கோயில் இருக்கிறது.

இதைக் கட்டியவர் சிவதாஸ் சாது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த பெற்றோருடன் சிறுவனாகத் தீவுக்கு வந்து, கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர். 1947-இல் இந்தக் கரையோரம் சிறியதாக ஒரு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. கோயிலை இடிக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 1952-இல் கோயில் இடிக்கப்பட்டது. சாதுவுக்கு 14 நாள் சிறையும் அபராதமும் கிடைத்தன. வெளியே வந்தவர் ஒரு முடிவுக்கு வந்தார்: நிலத்துக்குத்தான் சொந்தக்காரன் உண்டு, கடலுக்கு இல்லை. ஒரு சைக்கிள், வாளிகள், தன் இரண்டு கைகள். கல்லையும் மணலையும் சிமென்டையும் சுமந்துவந்து, நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் கொட்டிக் கொட்டி, கடலுக்குள் பாதை போட்டு, அதன் முனையில் மீண்டும் கோயிலை எழுப்பினார். வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அவர் மறைந்தபின் அலைகள் கோயிலை அரித்தன. இந்தியர் வருகையின் 150-ஆம் ஆண்டான 1995-ஐ ஒட்டி அரசும் மக்களும் சேர்ந்து அதைத் திரும்பக் கட்டினார்கள்.

நாங்கள் போனபோது நீர் வற்றியிருந்தது. பாதையின் இருபுறமும் சாம்பல் நிறச் சேறு. அதில் இரை தேடும் நாரைகள். இந்தக் கடல் சுற்றுலா விளம்பரங்களில் வரும் நீலக்கடல் அல்ல. வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆறு கொண்டுவரும் வண்டல் பாரியா வளைகுடா முழுவதையும் பழுப்பும் பச்சையுமாக்கிவிடுகிறது. பாதையோரம் கொடிகள் படபடத்தன. முனையில் எட்டுப் பட்டைகளாக அமைந்த, வண்ணம் பூசிய சிறிய கோயில். உள்ளே ஒரு குடும்பம் விளக்கேற்றிக்கொண்டிருந்தது. கரையில் சற்றுத் தள்ளிச் சுடுகாடு; சிதைமேடைகள் கடலைப் பார்த்து இருக்கின்றன. இங்கே சாம்பலைக் கரைக்க வருகிறவர்களுக்கு இந்த வளைகுடாதான் கங்கை.

செயின்ட் லூசியாக்காரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதை முழுவதும் மெதுவாக நடந்தாள். "ஒரே ஆளா?" என்று கேட்டாள். "ஒரே ஆள்" என்றான் நண்பன். அவள் திரும்பக் கரைவரை நடந்து, மறுபடி வந்தாள். தூரத்தைத் தன் காலால் அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னாள். சாதுவை நான் புரிந்துகொண்டது அவள் நடையைப் பார்த்துத்தான். ஒரு வாளி கல்லோடு அந்தப் பாதையில் போய், வெறும் வாளியோடு திரும்பி, மறுபடி நிரப்பிக்கொண்டு போன மனிதனின் பக்தியை எந்தக் கல்வெட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பகல் சாப்பாடு நண்பன் வீட்டில். அவனுடைய அப்பாவின் தாயாரை அவன் ஆஜி என்று கூப்பிடுகிறான். வீட்டுக்கு வந்த நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பருப்பை வேகவைத்துச் சீரகம் சேர்த்து அரைத்து உள்ளே அடைத்த தால்பூரி, மாங்காய்க் குழம்பு, கோழிக்கறி. பக்கத்தில் கலலூ. சேப்பங்கிழங்கின் இலை, வெண்டைக்காய், பூசணி, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் வேகவைத்துக் கடைந்த கரும்பச்சைக் குழம்பு. கலலூ ஆப்பிரிக்க வம்சாவளியினரின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். ஆஜி அதை எங்கே கற்றார் என்று கேட்டேன். "பக்கத்து வீட்டில். அவள் என்னிடம் ரொட்டி கற்றாள், நான் அவளிடம் கலலூ கற்றேன்" என்றார். லாவெண்டில்காரி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தன் பாட்டி வைப்பதைவிட நன்றாக இருக்கிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றதும் ஆஜி சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் அம்மா வழியினர் மதராசிகள். எங்கள் தாய் மாரியம்மா" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது; அவர் அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காளி கோயில் பூசைக்குப் போகிறார். அங்கே வேப்பிலை உண்டு, மஞ்சள் நீர் உண்டு, மதுரை வீரன் உண்டு, தப்பு உண்டு. ஆடு, கோழி பலியிடும் வழிபாடு என்று மற்ற இந்துக்களே இந்தக் கோயில்களைத் தாழ்வாகப் பார்த்த காலம் நீண்டது. அதையும் தாங்கி அவை நிற்கின்றன.

நண்பன் உள்ளே போய்த் தன் தப்பை எடுத்துவந்தான். கோயிலில் அடிப்பவர்களில் அவனும் ஒருவன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கொல்லையில் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டினான். விரலால் தட்டிப் பார்த்தான், மறுபடி காட்டினான். ஓசை இறுகியதும் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சிகளால் அடித்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் நான் கேட்டு வளர்ந்த அதே வேகம், அதே நிறுத்தம். பாட்டும் பேச்சும் போய், ஊரின் பெயரும் மறந்து, அடி மட்டும் கைக்குக் கை மாறி நூற்றைம்பது ஆண்டுகள் வந்திருக்கிறது. எனக்குப் பேச்சு வரவில்லை. லாவெண்டில்காரி எழுந்து நின்று கைதட்டி அந்தக் கணக்கைப் பிடிக்கப் பார்த்தாள். "இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" என்று அவனைக் கேட்டாள். இருபது மைல் தூரத்தில் வளர்ந்த இருவர். அவள் தப்பைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

காரில் திரும்பும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. தேர்தல் வந்தால் இந்திய வம்சாவளியினர் ஒரு கட்சிக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒரு கட்சிக்குமாகப் பிரிந்து நிற்பது இங்கே நெடுநாள் வழக்கம். "சாப்பாட்டில் கலந்துவிட்டோம், ஓட்டில் இன்னும் கலக்கவில்லை" என்றான் நண்பன். அவள் மறுக்கவில்லை. இருவரும் சண்டை போடாமல், ஒளிக்காமல் அதைப் பேசினார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

நாலு மணிக்குக் கரோனி சதுப்பு நிலத்தில் படகு ஏறினோம். நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. உள்ளே பத்து நிமிடம் போனால் வண்டிச் சத்தம் நின்றுவிடுகிறது. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இந்தச் சுரபுன்னைக் கால்வாய்கள் பழகிய இடம்போலவே இருக்கும். விழுதுகளாக இறங்கிய வேர்களில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. படகோட்டி ஒரு கிளையைக் காட்டினார். மலைப்பாம்பைப் போன்ற பாம்பு ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அவர் காட்டியிருக்காவிட்டால் எங்கள் தலைக்கு மேலே அது இருந்ததே தெரிந்திருக்காது.

நீர் விரிந்து ஏரிபோல் ஆன இடத்தில் எஞ்சினை நிறுத்திப் படகைக் கட்டினார். எதிரே சுரபுன்னை மூடிய ஒரு திட்டு. ஐந்தரை மணிக்கு முதல் கூட்டம் வந்தது. டிரினிடாடின் தேசியப் பறவையான செவ்வரிவாள் மூக்கன். சிவப்பு என்றால், சிறகு நுனியின் கறுப்பைத் தவிர வேறு கலப்பே இல்லாத சிவப்பு; கழுத்து முதல் வால் வரை. ஐந்து, பத்து, முப்பது என்று வந்து இறங்க இறங்கப் பச்சைத் திட்டு சிவந்துகொண்டே போனது. குஞ்சாக இருக்கையில் இந்தப் பறவை பழுப்பு நிறம்தான். சேற்றில் தின்னும் நண்டும் இறாலும் தரும் நிறமிகள்தான் சிறகில் சிவப்பாகின்றன. சதுப்பு நிலம் கெட்டால் நிறமும் போய்விடும். இறைச்சிக்காக இதைத் திருட்டுத்தனமாகச் சுடுவது நெடுங்காலம் நடந்தது. 2018-இல் இதைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய உயிரினமாக அறிவித்து, கொன்றால் ஒரு லட்சம் டிரினிடாட் டாலர் அபராதமும் இரண்டாண்டுச் சிறையும் என்று சட்டம் செய்தார்கள். படகிலிருந்த உள்ளூர்க் குழந்தைகள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க, சட்டம் மட்டும் போதாது, இப்படிப்பட்ட மாலைகளும் வேண்டும் என்று தோன்றியது.

இருட்டியபின் போர்ட் ஆஃப் ஸ்பெயின். உட்புரூக் பகுதியில் குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்தைக் கடந்தோம். 1971-இல் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை முதன்முதலாக ஒரு டெஸ்டில் வென்றது இங்கேதான். இரண்டாம் இன்னிங்சில் நம் வெங்கட்ராகவன் ஐந்து விக்கெட் எடுத்தார். அந்த மதிலை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, லாவெண்டில்காரி வாசிக்கும் ஸ்டீல்பேன் குழுவின் பயிற்சி முற்றத்துக்குப் போனோம்.

பீப்பாயில் செய்த இசைக்கருவியான ஸ்டீல்பேன் பிறந்த கதை அடக்குமுறையின் கதை. 1881-இல் கார்னிவல் திருவிழாவின்போது போலீசுக்கும் மக்களுக்கும் மோதல் வெடித்தது. 1884-இல் ஆங்கில அரசு முழவுகளைத் தெருவில் அடிக்கவே தடை போட்டது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930-களில் பிஸ்கட் டின், பெயின்ட் டின் எது கிடைத்தாலும் தட்டினார்கள். தட்டத் தட்டத் தகரத்தின் பள்ளங்களில் வெவ்வேறு சுரங்கள் பிறப்பதைக் கவனித்தார்கள். தீவில் எண்ணெய்த் தொழில் இருந்தது. உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைத்தளமும் வந்தது. 55 கேலன் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. லாவெண்டில் போன்ற ஏழைக் குடியிருப்புகளின் இளைஞர்கள் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழித்து, நெருப்பில் காய்ச்சி, சுரம் சேர்த்தார்கள். ரவுடிகளின் விளையாட்டு என்று மேட்டுக்குடியினர் ஒதுக்கினார்கள், போலீஸ் துரத்தியது. 1951-இல் இதே இளைஞர்களில் ஒரு குழு லண்டன் போய் வாசித்தது. 1992-இல் ஸ்டீல்பேன் தேசிய இசைக்கருவியானது. 2023-இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது.

முற்றம் என்றால் திறந்த வெளிதான். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சக்கரம் வைத்த சட்டங்கள். அவற்றில் தொங்கும் பளபளத்த பீப்பாய்கள். பேஸ் வாசிப்பவரைச் சுற்றி முழு நீளப் பீப்பாய்களே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே அவர் சுழன்று சுழன்று வாசிக்கிறார். பள்ளிச் சீருடை வயதுச் சிறுமிக்குப் பக்கத்தில் நரைத்த தலையர் ஒருவர். யாரிடமும் சுரத்தாள் இல்லை. இசையமைப்பாளர் ஒரு வரியைப் பாடிக்காட்டுகிறார், ஒரு பிரிவினர் வாசிக்கிறார்கள், தவறினால் மறுபடி. பின்னால் தாளக்காரர்கள் கார் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடித்துக் காலத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இடைவேளையில் ஒரு டெனர் ஸ்டீல்பேனை லாவெண்டில்காரி எனக்குக் காட்டினாள். குழிந்த உலோகத்தில் விளிம்பைச் சுற்றிச் சிறு சிறு முட்டை வடிவங்கள். ஒவ்வொன்றும் ஒரு சுரம். ரப்பர் சுற்றிய குச்சியால் ஒன்றைத் தொட்டாள். "இது ச என்றால்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைத் தொட்டாள். பஞ்சமம். அதற்கு அடுத்தது, அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம். வட்டம் முழுவதும் அந்த உறவிலேயே சுற்றிவருகிறது. முறையான இசைப் பயிற்சி இல்லாத இளைஞர்கள் பலர் சேர்ந்து பழைய பீப்பாயில் கண்டெடுத்த ஒழுங்கு இது. பிறகு முழுக் குழுவும் ஒன்றாக வாசித்தது. நூறு பேர். உலோகத்தில் இவ்வளவு கனிவு இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. கராப்பிச்சைமாக்காரன் கார் மேல் இரண்டு விரலால் தப்படி போட்டுக்கொண்டிருந்தான். அது பிரேக் டிரம்மின் காலத்தோடு பிசகாமல் பொருந்தியது.

நிலம் இல்லை என்றபோது கடலில் கட்டினார்கள். முழவு கூடாது என்றபோது பீப்பாயைப் பேசவைத்தார்கள். இந்தத் தீவின் அழகெல்லாம் மறுக்கப்பட்டவர்கள் உண்டாக்கிய அழகு. கடற்கரையில் மட்டும் படுத்துவிட்டு வருகிறவர்கள் இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

வேளாண்மை படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மேற்படிப்பு என்றதும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மட்டும் பார்க்காதீர்கள். நம்முடையதைப் போன்ற வெப்பமண்டலப் பயிர்களை நூறாண்டாக ஆராய்ந்துவரும் மண் இங்கே இருக்கிறது; கடல் கடந்து போன நம் மக்களின் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். வருவதானால் புத்தாண்டுக்கும் கார்னிவலுக்கும் இடையில் வாருங்கள். பறவைகள் மாலைதோறும் கரோனிக்குத் திரும்புகின்றன. ஸ்டீல்பேன் முற்றங்களில் இரவுதோறும் பயிற்சி நடக்கிறது. நின்று கேட்க யாரும் கட்டணம் கேட்பதில்லை.